பத்து எழுத்து மரியாதை

சங்கரலிங்கத்துக்கு அந்த அலுவலகத்தில் கிடைத்த மரியாதை, கல்யாணம் முடிந்து மறுவீடு போனபோது மாமனார் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே பியூன் மாரிச்சாமி கையைக் கூப்பி, "வாங்க திருவாளர் ஐயா, உக்காருங்க திருவாளர் ஐயா" என்பார். நாற்காலி இருக்கும். நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு இருக்கும். குடிக்கத் தண்ணீர் வரும். சான்றிதழ் மட்டும் வராது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அந்த அலுவலகத்தின் பெயர், 'மக்கள் சான்றுகள் நெறிப்படுத்தும் தனி அலுவலகம்'. ஒரு சான்றிதழுக்காக நாலு இடம் அலைகிற மக்களின் துன்பத்தைக் கண்டு மனம் பொறுக்காமல் அரசாங்கம் ஐந்தாவதாக ஓர் இடம் ஏற்படுத்திக் கொடுத்திருந்தது.

சங்கரலிங்கம் ராஜபாளையத்தில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை என்று இருப்பது முத்துப்பேச்சி ஒன்றுதான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும் கூடவே கிடந்த பிள்ளை அது. அங்கே வருகிற போகிற நர்ஸம்மாக்களைப் பார்த்துப் பார்த்து, "நான் இதுக்குத்தாம்ப்பா படிக்கப் போறேன்" என்று அப்போதே சொல்லிவிட்டது. சொன்னபடி மதிப்பெண்ணும் வாங்கியது. மதுரையில் ஒரு நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. இருப்பிடச் சான்றிதழின் அசலைச் செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குள் நேரில் காட்ட வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடந்தார் சங்கரலிங்கம்.

சான்றிதழுக்கு அவர் ஜூலை மாதமே மனுக் கொடுத்துவிட்டார். ரசீது கேட்டதற்குத் தனி அலுவலர் ஐயாதுரை எழுந்து நின்றே பதில் சொன்னார்.

"ரசீது என்பது நம்பிக்கை இல்லாதவர்கள் கேட்பது ஐயா. உங்களுக்கு ரசீது கொடுத்தால் உங்களை அப்படிப்பட்டவராக நாங்கள் நினைத்ததாக ஆகிவிடும். அந்த அவமரியாதையை இந்த அலுவலகம் உங்களுக்குச் செய்யாது."

சங்கரலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரசீது இல்லாமலே திரும்பியிருப்பார். மனுவில் தொழில் 'கடிகாரம் ரிப்பேர்' என்று இருந்ததை ஐயாதுரை பார்த்துவிட்டதுதான் வினை.

"கடவுளாப் பாத்து உங்கள அனுப்பிருக்காரு" என்று சொல்லி, பீரோவைத் திறக்கச் சொன்னார். எழுத்தர் பரிபூரணம் அம்மாள் உள்ளேயிருந்து ஒரு பால்கோவா டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். டப்பாவுக்குள் ஒரு டிஜிட்டல் டைரி. உள்ளங்கை அகலம், பெயரும் எண்ணும் ஏற்றி வைத்துக்கொண்டால் பொத்தானைத் தட்டியதும் எடுத்துக் கொடுக்கிற சமாச்சாரம். நவீன நிர்வாகத் திட்டத்தின் கீழ் மேலிடத்திலிருந்து வந்தது. வந்த அன்றே நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டு, திரையின் நட்ட நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி தணிக்கைக்குப் போய்விட்டதால் பால்கோவா டப்பாவில் குடியேறியிருந்தது. பொத்தான்களுக்கு இடையே எறும்பு போய் வந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக அலுவலகத்தில் அதை வணங்கினார்களே தவிர யாரும் தொடவில்லை.

சங்கரலிங்கம் ஒற்றைக் கண்ணாடியை மாட்டி, எறும்பைத் தட்டி, சந்தனத்தைச் சுரண்டி, மணியும் தேதியும் வைத்துக் கொடுத்தார். மறுநாளும் வரச் சொன்னார்கள். கடையைச் சாத்திவிட்டு வந்தார். பதினோரு நாள் வந்தார். நம்மால் இவர்களுக்கு ஓர் உதவி, இவர்களால் நம் பிள்ளைக்கு ஓர் உதவி என்று அவருக்கு ஒரு கணக்கு. ராகு காலம் தொடங்குகையில் சத்தம் கொடுக்கும்படி அலாரம் வைக்கச் சொன்னார் ஐயாதுரை. நாளுக்கு ஒன்றாக ஏழு அலாரம் வைத்தார். 'இரகசியம்' என்று பொருள்படும் பொத்தான் ஒன்று இருந்தது. இந்த அலுவலகத்துக்கு இரகசியப் பிரிவு அனுமதிக்கப்படவில்லை என்று சொல்லி அதன்மேல் காகிதம் ஒட்டி, ஐயாதுரை குறுக்கே கையெழுத்துப் போட்டார்.

பொறவுதான் பெயர் ஏற்றும் வேலை. மனுக்காரர்கள் நானூற்றுச் சில்லறைப் பேர். அந்த இயந்திரம் விலை மலிந்த ரகம், பெயருக்குப் பத்து எழுத்து இடம்தான் உண்டு, அதுவும் ஆங்கிலம்தான். பரிபூரணம் அம்மாள் முதல் பெயரை அடித்ததுமே ஐயாதுரை முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, மொட்டையா? சுற்றறிக்கை என்ன சொல்லுது? மக்களை மரியாதைச் சொல் இல்லாமல் குறிக்கவே கூடாது. ஆணுக்குத் திருவாளர், பெண்ணுக்குத் திருமதி, கல்யாணம் ஆகாத பிள்ளைக்குத் திருநிறைச்செல்வி. அப்படித்தான் அடிக்கணும்."

சங்கரலிங்கம் விரல் விட்டு எண்ணினார். திருவாளர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் சரியாகப் பத்து எழுத்து. திருமதியும் பத்து. திருநிறையும் பத்து, செல்விக்கு இடமில்லை. அதற்குமேல் எதை அடித்தாலும் இயந்திரம் கூச்சல் போட்டது.

"ஐயா, அப்படி அடிச்சா பேரு ஏறாது. மரியாதை மட்டும்தான் ஏறும்" என்றார் பயந்துகொண்டே.

ஐயாதுரை சிரித்தார். "சங்கரலிங்கம் ஐயா, பேரு முக்கியமா, மரியாதை முக்கியமா? மக்கள்தான் எங்களுக்கு எஜமானர்கள். எஜமானர் பேரைச் சொல்லுவாங்களா? என் வீட்டம்மா இருபத்தாறு வருஷமா என் பேரச் சொன்னதில்ல. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

சங்கரலிங்கம் தலையாட்டினார். அவர் மனைவியும் அவர் பெயரைச் சொன்னதில்லை.

ஆக, இருநூற்றுப் பன்னிரண்டு திருவாளர்களும், நூற்று நாற்பது திருமதிகளும், அறுபத்தொரு திருநிறைகளும் இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். வேலை முடிந்த அன்று ஐயாதுரை ஒரு சிறு கூட்டம் போட்டுப் பேசினார். "இந்த மாவட்டத்தில் எந்த அலுவலகத்திலும் மக்களுக்கு இப்படி ஒரு சமத்துவம் கிடையாது. இதோ இந்தத் திரையில் பாருங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?" யாருக்கும் தெரியவில்லை. கை தட்டினார்கள். பழைய பதிவேடுகளும் மனுக்களும் இருந்தால் குழப்பம் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி, அரக்கு முத்திரை வைத்து உள்ளறையில் பூட்டினார்கள். திறக்க வேண்டுமானால் மேலிடத்துக் கடிதம் வேண்டும். இனி இயந்திரத்தில் உள்ளவரே மனுக்காரர், இல்லாதவர் இல்லாதவரே.

செப்டம்பர் பிறந்து சங்கரலிங்கம் சான்றிதழ் கேட்டு வந்தபோது பரிபூரணம் அம்மாள் பொத்தானைத் தட்டினாள். மாரிச்சாமி வராந்தாவுக்குப் போய், "திருநிறை!" என்று கூப்பிட்டார். பெஞ்சில் இருந்த பதினேழு தகப்பன்மார் எழுந்து நின்றார்கள். எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பொத்தானைத் தட்டினாள். "திருநிறை!" மறுபடியும் பதினேழு பேர். இப்படிப் பகல் சாப்பாடுவரை எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் மகாராஜபுரத்து வயசாளி ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவருக்கும் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள்.

தினமும் வந்தார் சங்கரலிங்கம்.  இருபத்தாறாம் தேதி வந்தபோது அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஐயாதுரையின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, இன்னும் மூணு நாளுதான்யா. எம்மக பேர மட்டும் மொட்டையா அடிச்சிருங்கய்யா. முத்துப்பேச்சின்னு அடிங்க. நான் எண்ணிப் பாத்துட்டேன், இங்கிலீசுல சரியாப் பத்து எழுத்து. கச்சிதமா உக்காரும்."

"தாயில்லாப் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுக்குற மரியாதையை நாங்க பிடுங்க முடியுமா ஐயா? பாவம் இல்லையா?" என்று ஐயாதுரை உண்மையாகவே வருத்தப்பட்டார். பொறவு, "ஒரு வழி இருக்கு. நாங்க பிடுங்கக் கூடாது. நீங்களா விட்டுக் குடுத்தா நாங்க தடுக்க முடியாது. முத்திரைத்தாள்ல எழுதி, ரெண்டு சாட்சி போட்டுக் கொண்டாங்க" என்றார்.

மறுநாள் காலை கோர்ட் வாசலில் மரத்தடியில் டைப் அடிக்கிற பால்பாண்டி முன்னால் போய் உட்கார்ந்தார் சங்கரலிங்கம். விஷயத்தைக் கேட்டுப் பால்பாண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, சொத்த விட்டுக் குடுத்து எழுதிருக்கேன். கெணத்துல பங்க விட்டுக் குடுத்து எழுதிருக்கேன். மரியாதைய விட்டுக் குடுத்து இப்பத்தான் எழுதுதேன். சொத்து விவரத்துல நாலு எல்லை என்ன போட?"

"தெக்கு வடக்கு தெரியுற நெலமைலயா இருக்கேன்? எதையாச்சும் அடிச்சுக் குடுங்க."

பால்பாண்டி தொழில் தெரிந்தவர். 'காலஞ்சென்ற சிவனாண்டி குமாரர் சங்கரலிங்கமாகிய நான், சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதிக் கொடுத்த மரியாதை விடுதலைப் பத்திரம். எனக்கு அரசாங்கத்தில் இதுநாள்வரை அளிக்கப்பட்டு வந்த மரியாதை முழுவதையும் இன்று முதல் நிரந்தரமாக விட்டுக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அதில் எனக்கு எவ்விதப் பின்தொடர்ச்சியும் பாத்தியதையும் கிடையாது' என்று அடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது சங்கரலிங்கத்துக்குப் பேனா கோட்டை விட்டு விலகியது. கூந்தல் மயிர் கனத்தில் இருக்கிற ஸ்பிரிங்கைப் பிடித்துப் பழகிய கை அது.

அன்று சாயங்காலம் ஐயாதுரை பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். பரிபூரணம் அம்மாள் இயந்திரத்தில் 'சங்கரலின்' என்று பத்து எழுத்து அடித்தாள். மிச்சமிருந்த 'கம்' வெளியே நின்றுவிட்டது. அது ஏறியதும் ஐயாதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏலே சங்கரலிங்கம், எந்திலே மொத நாற்காலிய விட்டு."

பின்னால் யாரையோ சொல்கிறார் என்று சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மாரிச்சாமி வந்து நாற்காலியை உருவிக்கொண்டு போனார். மேலே கிடந்த துண்டையும் மறக்காமல் மடித்து எடுத்துக்கொண்டார்.

"சட்டம்னா சட்டம்லே. எழுதிக் குடுத்தவனுக்கு மரியாதை குடுத்தா நாளைக்குத் தணிக்கையில எங்கிட்டக் கேப்பான். நாளைக்கு வா. மரியாதைக்காரங்க எல்லாரையும் பாத்துட்டுக் கடைசியில ஒன்னப் பாக்கேன்."

இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை. சங்கரலிங்கம் காலை ஒன்பதரைக்கே வந்து வராந்தாவில் நின்றார். உட்கார அனுமதி இல்லை. மரியாதைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சிநேகமாகப் பேசியவர்கள் இன்றைக்கு அவரைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மணி பன்னிரண்டானது. ஒன்றானது. ஒன்றே காலுக்கு மாரிச்சாமி, "ஏலே, உள்ள வா" என்றார்.

ஐயாதுரை பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஒன் மரியாதைக்குத்தாம்லே செல்லும். ஒம்மக மரியாதைக்குச் செல்லாது. மரியாதை அவனவன் சம்பாதிச்ச சுயார்ஜிதச் சொத்து, அப்பன் வழி வர்ற பிதுரார்ஜிதம் கெடையாது. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல, அது நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்."

"ஐயா, முந்தாநாளே சொல்லிருந்தா நேத்தே கையோட கூட்டியாந்திருப்பேனே..."

"முந்தாநாளு ஒனக்கு மரியாதை இருந்துச்சு. மரியாதை உள்ளவங்க கிட்ட அதச் செய்யி இதச் செய்யின்னு உத்தரவு போட முடியுமா? இன்னைக்குத்தான சொல்ல முடியும்."

சங்கரலிங்கம் குனிந்து அவர் காலைத் தொடப் போனார். அந்த நேரம் பார்த்து இயந்திரம் கீச்கீச்சென்று கத்தியது. மணி ஒன்றரை, ராகு காலம். சங்கரலிங்கம் தன் கையாலேயே வைத்த அலாரம். ஐயாதுரை பேனாவை மூடினார். மூன்று மணிவரை இனி எதிலும் கையெழுத்து கிடையாது.

சங்கரலிங்கம் ஓடினார். ஐம்பத்திரண்டு வயசில், செருப்பைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ராஜபாளையம் போய், அடுப்படியில் நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி வந்து இறங்கியபோது மணி மூன்றரை. வழியெல்லாம், "என்னப்பா, என்னன்னு சொல்லுங்கப்பா" என்று முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டே வந்தது. 

வாசலில் மாரிச்சாமி கையைக் கூப்பினார். "வாங்க திருநிறை அம்மா, உக்காருங்கம்மா. ஏலே, நீ அங்கிட்டுத் தள்ளி நில்லுலே."

முத்துப்பேச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரப் பாத்து ஏலேங்கீரு? அது எங்கப்பா!"

"கோவப்படாதீங்கம்மா. அவிய எழுதிக் குடுத்துட்டாவ..." என்று ஆரம்பித்த மாரிச்சாமி, உள்ளேயிருந்து ஐயாதுரை செருமியதும், "அவன் எழுதிக் குடுத்துட்டான்" என்று திருத்திக்கொண்டார்.

மேஜையில் கிடந்த பத்திரத்தை அந்தப் பிள்ளை எடுத்துப் படித்தது. படித்து முடிக்கவும் கண்ணில் நீர் கட்டிவிட்டது. போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

"எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம்ப்பா. வாங்க போவோம்."

"கோட்டி மாதிரிப் பேசாத ஏட்டி. எம்புட்டு நாளு அலைஞ்சிருக்கேன். பத்திரத்துக்கு அடியில 'நானும் விட்டுக் குடுத்துட்டேன்'னு எழுதிக் கையெழுத்தப் போடு." பேனாவை எடுத்து அதன் கையில் திணித்தார். "ஒங்கம்மாவ நெனச்சுக்கிட்டுப் போடு."

போட்டது. பரிபூரணம் அம்மாள் அடித்தாள். முத்துப்பேச்சி, பத்து எழுத்து, கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு மணிக்குத் தேநீர் வந்தது. மரியாதை இல்லாத இருவரையும் தவிர எல்லாரும் குடித்தார்கள். பொறவு சான்றிதழ் படிவத்தை எடுத்தாள். இரண்டு மாதமாக வராத சான்றிதழை எழுத அவளுக்கு மூன்று நிமிஷம் ஆனது. பாதியில் நிறுத்தி, "சார், இதுல 'மரியாதைக்குரிய தகப்பனார் பெயர்'னு இருக்கு. இவரு பேரப் போடலாமா?" என்று கேட்டாள்.

"எப்படிப் போட முடியும்? அவன்தான் மரியாதைய விட்டுட்டானே. அந்த இடத்துக்கு மரியாதை உள்ள ஆள்தான் வரணும். இயந்திரத்துல மொதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே போடும்மா."

அவள் போட்டாள். தகப்பனார் பெயர்: திருவாளர்.

"ஐயா, எம் பேரு..." என்றார் சங்கரலிங்கம்.

"திருத்தணும்னா மனுப் போடு. முப்பது நாளு ஆகும்" என்று சொல்லிவிட்டு ஐயாதுரை கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். சான்றிதழை முத்துப்பேச்சியின் கையில் கொடுக்கும்போது, "பாத்தியா, எங்க ஆபீசுல ஒரு மனுவையும் நாங்க கெடப்புல போடுறதில்ல" என்றார்.

மறுநாள் காலை மதுரையில் அந்தப் பள்ளிக்கூடத்துச் சன்னல் முன்னால் அவர்கள் போய் நின்றபோது மணி ஒன்பது ஐம்பது. பின்னால் காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒரு பிள்ளையும் அதன் அம்மாவும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்த குமாஸ்தா சான்றிதழைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"தகப்பனார் பேரு திருவாளர்னு போட்டிருக்கு. வெறும் திருவாளரா?"

முத்துப்பேச்சி வாயைத் திறந்தது. சங்கரலிங்கம் அதன் கையை இறுக்கிப் பிடித்தார். பெயர் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருத்திக்கொண்டு வா என்பார்கள். பத்து மணி அடித்துவிடும்.

"ஆமாங்கய்யா. அவரு பேரே அதுதான்" என்றார்.

"அப்பா வரலியா?"

"வரலைங்கய்யா."

"அப்ப நீங்க யாரு?"

சங்கரலிங்கம் பிள்ளையின் கையை விட்டார். "கூட வந்தவன்யா."

குமாஸ்தா தலையை ஆட்டிவிட்டு, தடித்த பேரேட்டில் 'டி. முத்துப்பேச்சி' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் திருப்பி வைத்தார். அந்தப் பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொண்டு பெயருக்கு முன்னால் எஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த அந்த ஓர் எழுத்தையே பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது.

"போடும்மா, மணியாகுது" என்றார் அவர்.